கடையில் காட்டியது 55 அங்குலம், வீட்டுக்கு வந்தது 43: கேம் விளையாட டிவி வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

வீட்டில் எல்லாரும் பார்க்கவும் வேண்டும், பிள்ளைகள் கேம் விளையாடவும் வேண்டும், அதற்கு ஒரே டிவி. இந்த நிலைமையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதவில்லை. எனக்கு நடந்த விஷயம் ஒரு கம்பெனியோடு முடிவதில்லை, பல கம்பெனிகளின் மாடல் வரிசைகளிலும் இதே வழி இருக்கிறது என்று பிறகு தேடிப் பார்த்தபோது தெரிந்தது. அதனால் பெயரை விட, ஏமாந்த விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

எங்கள் ஹாலில் ஒரே டிவி. மகனுக்கு 15 வயது, மகளுக்கு 10. மகனிடம் பிஎஸ்5, மகளிடம் ஒரு பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச், இரண்டும் டிவியில் செருகி விளையாடும் கேம் கன்சோல்கள். பழைய டிவி ஒருநாள் படமே வராமல் நின்றுபோனதும் புதிது பார்க்கக் கிளம்பினோம். மகன் கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மா, 120 ஹெர்ட்ஸ் இருக்கிறதா பார்த்து வாங்கும்மா." அவன் விளையாடும் கார் ரேஸில் 120 எஃப்பிஎஸ் மோட் உண்டு, அதாவது விநாடிக்கு 120 படம். அதற்காகத் தன் சேமிப்பையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். அதனால்தான் எனக்கு இது இவ்வளவு வலிக்கிறது.

ஹெர்ட்ஸ் என்பது திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. 60 ஹெர்ட்ஸ் டிவியில் 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை திரை புதுப்பிக்கப்படும். 120 என்றால் 8.3 மில்லி விநாடிக்கு ஒருமுறை. வேகமாகத் திரும்பும் காட்சியில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், கைக்கும் தெரியும். கேமும் கன்சோலும் டிவியும் மூன்றும் ஒத்துழைத்தால்தான் அது கிடைக்கும். பிஎஸ்5 தயார், அந்த கேமும் தயார். மீதி டிவி மட்டும்.

கடையில் 55 அங்குல டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே இருந்த அட்டையில் பெரிய எழுத்தில் 120 ஹெர்ட்ஸ், ஹெச்டிஎம்ஐ 2.1, 4கே ஹெச்டிஆர் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஹெச்டிஎம்ஐ என்பது கன்சோலை டிவியோடு இணைக்கும் கேபிள், போர்ட் தரம்; ஹெச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் பட முறை. படம் அருமையாக இருந்தது. எங்கள் சுவர் அலமாரியில் 43-க்கு மேல் நுழையாது என்று சொன்னேன். விற்பனையாளர் தயங்கவே இல்லை. "இதே மாடல் 43-லயும் இருக்கு மேடம். பேனல், ப்ராசஸர் எல்லாம் ஒண்ணுதான். சைஸ் மட்டும்தான் வித்தியாசம்."

"120 இதுலயும் வருமா? பையன் கேம் விளையாடத்தான் வாங்குறோம்" என்று இரண்டு முறை கேட்டேன். "ஒரே சீரிஸ் மேடம், வராம எப்படி?" என்றார். 43-இன் பெட்டியையும் கொண்டுவந்து காட்டினார். அதிலும் 120 என்ற எண் இருந்தது. அதற்கு முன்னால் சின்னதாக ஒரு சொல் இருந்ததை நான் படிக்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம்.

டிவி வந்தது, மாட்டினார்கள், போனார்கள். மகன் அன்று ராத்திரியே போட்டுப் பார்த்திருக்கிறான். 120 வரவில்லை. ஆனால் என்னிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் என் தம்பி வீட்டுக்கு வந்து, "எப்படிடா இருக்கு 120?" என்று கேட்டபோதுதான் மெதுவாக, "இல்ல மாமா, 60தான் காட்டுது. அம்மா கஷ்டப்பட்டு வாங்கினது, சொல்ல வேண்டாம்னு விட்டுட்டேன்" என்றான். அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

தம்பி உடனே டிவியைக் குறை சொல்லவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்தான். கன்சோலோடு வந்த கேபிள்தானா என்று பார்த்தான், ஆமாம். பிஎஸ்5 செட்டிங்ஸில் 120 ஹெர்ட்ஸ் அவுட்புட் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது. டிவியில் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் தனித்தனியாக, முழு சிக்னலையும் வாங்கிக்கொள்ளும்படி ஒரு செட்டிங் இருக்கும். பல டிவிகளில் அது கடையிலிருந்து வரும்போது அணைந்தே இருக்கும். அதையும் போட்டான், போர்ட்டையும் மாற்றிப் பார்த்தான். கடைசியில் ஸ்க்ரீன் அண்ட் வீடியோவுக்குள் வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்தைத் திறந்தான். கன்சோல் இப்போது என்ன அனுப்புகிறது, எதிரே இருக்கும் டிவி எதையெல்லாம் ஏற்கும் என்று அந்தப் பக்கம் சொல்லிவிடும். எங்கள் டிவி 60-க்கு மேல் எதையும் ஏற்கவில்லை.

பிறகு டிவியின் முதுகில் இருந்த ஸ்டிக்கரில் முழு மாடல் எண்ணைப் படித்து, கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் தேடினான். அங்கே தெளிவாகவே இருந்தது. அதே சீரிஸில் 43-க்கும் 50-க்கும் 60 ஹெர்ட்ஸ் பேனல், 55-இலிருந்துதான் 120. சீரிஸ் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் பேனல் வேறு. கடையில் நான் பார்த்து ஆசைப்பட்ட டிவியும் என் வீட்டுக்கு வந்த டிவியும் பெயரில் மட்டும்தான் உறவு.

அப்படியென்றால் பெட்டியில் இருந்த 120? அது மோஷன் எண். படத்துக்கும் படத்துக்கும் நடுவே டிவியே ஒரு படத்தைக் கற்பனை செய்து நுழைப்பது, பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிடுவது, இவற்றையெல்லாம் சேர்த்துக் கம்பெனிகள் தாங்களே வைத்துக்கொள்ளும் எண். கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் வேறு, கணக்கும் வேறு. கேம் விளையாடுகிறவனுக்கு இதனால் பைசா பிரயோஜனம் இல்லை. கன்சோலிலிருந்து 120 சிக்னலை வாங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பெட்டியில் எண் இருந்தால் போதாது, எதற்கான எண் என்று பாருங்கள். பேனலின் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது நேட்டிவ் என்று போட்டிருப்பது மட்டும்தான் கணக்கு.

ஹெச்டிஎம்ஐ 2.1 விஷயத்திலும் இதேதான். 2.1 தரம் 2017-இல் வந்தது. அதன் முழு வேகம் விநாடிக்கு 48 கிகாபிட், அதற்கு முந்தைய 2.0-க்கு 18தான். 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் அனுப்ப அந்தப் பெரிய குழாய் வேண்டும் என்பதால், 2.1 என்று பார்த்ததும் எல்லாம் வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் 2.1-இல் உள்ள வசதிகள் ஒவ்வொன்றும் விருப்பத்துக்கு உட்பட்டவை. கேம் வந்ததும் தானாக கேம் மோடுக்கு மாறும் ஏஎல்எல்எம் இருக்கலாம், சவுண்ட்பாருக்கான இ-ஆர்க் இருக்கலாம், 4கே 120 இல்லாமலே போகலாம். அப்படியிருந்தும் 2.1 என்று சொல்லிக்கொள்ள வழி இருக்கிறது. எங்கள் டிவி அந்த ரகம். "2.1 இருக்கா?" என்று கேட்காதீர்கள். "4கே 120 எந்தப் போர்ட்டில் வரும், விஆர்ஆர் உண்டா?" என்று கேளுங்கள். (விஆர்ஆர் என்பது கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்வது.) இன்னொரு ரகமும் உண்டு: 60 ஹெர்ட்ஸ் 4கே பேனலையே வைத்துக்கொண்டு, கிடைக்கோடுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி 120 காட்டுவது. அதையும் 120 என்றே விற்கிறார்கள். 4கே-யில் 120-ஆ என்று கேட்டால் அது வெளியே வந்துவிடும்.

மறுநாள் கடைக்குப் போனேன். அதே விற்பனையாளர். "நான் அப்படிச் சொல்லலையே மேடம், 120ன்னு பெட்டியிலேயே போட்டிருக்கே" என்றார். மேலாளர் வந்தார். பெட்டி பிரித்த டிவியைத் திரும்ப எடுக்க முடியாது, குறை இருந்தால் கம்பெனியில் புகார் கொடுங்கள் என்றார். 55 அங்குல டிவியின் கீழே இருந்த அட்டையைக் காட்டினேன். அதன் அடியில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற எழுத்தில், அளவுக்கு ஏற்ப அம்சங்கள் மாறும் என்று ஒரு வரி இருந்தது. மேலாளர் அந்த வரியில் விரலை வைத்தார். அந்த வரி அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவரிடம் வேலை பார்க்கிறவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் "எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். என் கோபமெல்லாம் அங்கேதான்.

கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஒருவர் வந்தார். ரிமோட்டில் ஏதோ அழுத்தி சிவப்பு, பச்சை, நீலம் என்று திரையைக் காட்டினார். "பேனல் நல்லா இருக்கும்மா, புள்ளி எதுவும் போகலை" என்றார். பேனல் கெட்டுப்போகவில்லை, பேனலே வேறு என்பதுதான் என் புகார் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், பாவம், அவர் கையில் எதுவும் இல்லை. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் என் போனுக்குச் செய்தி வந்துவிட்டது, புகார் தீர்க்கப்பட்டது என்று. மறுபடி புகார், மறுபடி அதே பதில். எழுத்தில் கேட்டபோது, 43 அங்குல மாடலுக்கு 60 ஹெர்ட்ஸ் என்று எங்கள் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறோம் என்று ஒரு வரி அனுப்பினார்கள். கடைக்காரர் சொன்னதற்கு அவர்கள் பொறுப்பில்லையாம்.

"கடையில சொன்னதை எழுதி வாங்கினியாக்கா? அட்டையையாவது போட்டோ எடுத்தியா?" என்று தம்பி கேட்டான். இரண்டும் இல்லை. பில்லில் மாடல் எண் மட்டும்தான் இருந்தது. கேம் என்றோ 120 என்றோ ஒரு எழுத்து இல்லை. என் பக்கம் இருந்த ஓட்டை அதுதான். நீங்கள் வாங்கும்போது "4கே 120 ஹெர்ட்ஸ் நேட்டிவ்" என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் மகளுக்கு நடந்தது. புது டிவியில் அவளுடைய கேமில் தாண்டவே முடியவில்லை. பழைய டிவியில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்தாள். "கவனமா விளையாடு" என்று நான் இரண்டு முறை அதட்டியும் விட்டேன். குறை அவளிடம் இல்லை. படத்தை அழகாக்க டிவி செய்கிற வேலைகளுக்கு நேரம் பிடிக்கும், பட்டனை அழுத்தியது திரைக்கு வர அவ்வளவு தாமதம். சில டிவிகளில் சாதாரண மோடில் அது 100 மில்லி விநாடியைக் கூடத் தாண்டும், கேம் மோடில் 20-க்குள் வந்துவிடும். எங்கள் டிவி பிஎஸ்5-க்குத் தானாக மாறியது, ஸ்விட்ச் செருகிய போர்ட்டில் மாறவில்லை. தம்பி அந்தப் போர்ட்டுக்குத் தனியாகக் கேம் மோடைப் போட்டான், அவள் முதல் முறையே தாண்டிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் வீட்டில் யாராவது புது டிவியில் திடீரென்று தோற்க ஆரம்பித்தால், திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

போர்ட்டுகளையும் எண்ணிப் பாருங்கள். பல டிவிகளில் நான்கு ஹெச்டிஎம்ஐ இருந்தாலும் 4கே 120 வாங்குவது இரண்டுதான், அதில் ஒன்றே இ-ஆர்க் போர்ட்டாகவும் இருக்கும். சவுண்ட்பாரை அங்கே செருகினால் மிச்சம் ஒன்று. ஹெச்டிஆர் என்று எழுதியிருப்பதையும் நம்பிவிடாதீர்கள், அந்த சிக்னலைப் படிக்கும் என்று மட்டும்தான் அதற்குப் பொருள். 1000 நிட்ஸ் வெளிச்சத்துக்குத் தயாரித்த காட்சியை 300 நிட்ஸ் டிவியும் "ஹெச்டிஆர்" என்று காட்டும். ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை) டிவி வாங்க நினைக்கிறவர்கள், செய்தி சேனலின் லோகோவும் கேமின் ஸ்கோர் பலகையும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிற வீடு என்றால், திரையில் தழும்பு விழுவதற்கு வாரன்டி உண்டா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

எல்லாருக்கும் 120 வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய ஸ்விட்ச் அதிகபட்சம் 1080பி 60தான் தரும். பிஎஸ்5 கேம்களிலும் நிறைய 30, 60-இலேயே ஓடுகின்றன. நல்ல கேம் மோட் உள்ள 60 ஹெர்ட்ஸ் டிவி பல வீடுகளுக்குப் போதும். அந்த விற்பனையாளர் "43-ல 120 வராது மேடம்" என்று உண்மையைச் சொல்லியிருந்தால், ஒன்று நாங்கள் அலமாரியின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு 55 வாங்கியிருப்போம், இல்லை விலை குறைவான 60-ஐத் தெரிந்தே வாங்கியிருப்போம். அந்த முடிவை எடுக்க விடாமல் செய்ததுதான் அவர்கள் எங்களுக்குச் செய்தது.

கடையில் மாற்றித் தருவதாக ஒருமுறை சொன்னார்கள். மூன்று வாரம் ஓடிய டிவிக்குப் பாதி விலை கூட வரவில்லை, மறுத்துவிட்டேன். நுகர்வோர் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. மகன் 60-இல்தான் விளையாடுகிறான்.

அடுத்த வாரம் தம்பி தன் வீட்டுக்கு டிவி எடுக்கப் போகிறான். பிஎஸ்5-ஐயும் அதன் கேபிளையும் கொடுத்து அனுப்புகிறேன். வாங்கப்போகிற அதே அளவு டிவியில், கடையிலேயே செருகி, அந்த வீடியோ அவுட்புட் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம், 4கே டிவி டீடெயில்ஸ் என்ற பக்கத்தில் டிவிக்கு எது முடியும், எது முடியாது என்று ஒவ்வொன்றுக்கும் குறி போட்டே காட்டிவிடும். "நானும் வரேன் மாமா" என்று மகன் இப்போதே பையை எடுத்து வைத்துவிட்டான்.