கஸ்டம் பிஸ்டல்: கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்கக் கடைகளில் குளோக் 17 என்ற சாதாரணத் தொழிற்சாலை பிஸ்டல் ஏறக்குறைய 500, 600 டாலருக்குக் கிடைக்கும். வில்சன் காம்பாட் பட்டறை கையால் பொருத்தித் தருகிற சி.க்யூ.பி. என்ற பிஸ்டல் வேண்டுமென்றால் 3,000 டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். நைட்ஹாக் கஸ்டம் என்ற இன்னொரு பட்டறைப் பக்கம் போனால் 4,000-ஐத் தொடுவது சாதாரணம். நடுவில் இருக்கிற அந்த இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் எங்கே போகிறது? அதில் எவ்வளவு, சுடுகிறவர் கைக்குத் திரும்பி வருகிறது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காசு வீணாவதில்லை. ஆனால் வாங்குகிறவர் எதற்குக் கொடுக்கிறோம் என்று நினைக்கிறாரோ, பெரும்பாலும் அதற்குப் போவதில்லை. துல்லியம் என்று சொல்லித்தான் வாங்குவார்கள். கிடைப்பது நல்ல விசை (டிரிகர்), கையை அறுக்காத விளிம்புகள், அப்புறம் பார்க்கப் பார்க்க அலுக்காத ஒரு பொருள்.

களத்தில் யார் யார்?

கஸ்டம் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சரக்கு விற்கிறது. தொழிற்சாலைத் துப்பாக்கிக்கு ஒரு படி மேலே, நல்ல பாகங்களைப் போட்டு ஓரளவு கையால் பொருத்தித் தருகிற டான் வெஸன் போன்றவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேலே வில்சன், நைட்ஹாக், எட் பிரவுன், லெஸ் பேயர் போன்ற சிறு பட்டறைகள். இவர்களிடம் மாடல்கள் பட்டியலாகவே இருக்கும். சைட் (குறிபார்க்கும் முனைகள்), நிறம், பிடி என்று சில தேர்வுகள் மட்டும் உங்களுடையவை. கடைசியாக, உங்கள் துப்பாக்கியையே வாங்கிவைத்து, உங்கள் கையைப் பார்த்து, ஒற்றை ஆளாக வேலை செய்கிற கன்ஸ்மித், அதாவது துப்பாக்கிக் கம்மியர். வரிசையில் காத்திருக்க வருடங்கள்கூட ஆகலாம்.

வில்சன், நைட்ஹாக் இரண்டுமே ஆர்கன்ஸா மாநிலத்தின் பெர்ரிவில் என்ற சின்ன ஊரில்தான் இருக்கின்றன. 1977-ல் தொழிலைத் தொடங்கிய பில் வில்சன் கடிகார வேலை கற்றவர். 2004-ல் அவரிடம் வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து தொடங்கியது நைட்ஹாக். ஒரு துப்பாக்கியை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆள்தான் பொருத்துவார் என்பது அவர்களுடைய விளம்பரமே. ஒரே ஊருக்குள் இப்படி ஒரு போட்டி இருப்பது வாங்குகிறவருக்கு நல்லதுதான்.

கையால் பொருத்துவது என்றால் என்ன?

இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் 1911 என்ற ஒரே பிஸ்டலைச் சுற்றித்தான் நடக்கிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, அந்த ஆண்டு அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டல். ராணுவத்துக்கு வேண்டியிருந்தது பாகங்கள் மாறிக்கொள்ளும் வசதி. இரண்டாம் உலகப் போரில் டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்டும், ரயில்வே சிக்னல் செய்த நிறுவனமும் இதைத் தயாரித்தன. தையல் இயந்திர சிங்கர்கூட 500 பிஸ்டல்கள் செய்து கொடுத்தது. இவர் செய்த ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய்வருகிற மேல்பாகம்) அவர் செய்த ஃபிரேமில் (கைப்பிடியுள்ள அடிப்பாகம்) ஏற வேண்டும். அப்படியென்றால் நடுவில் கொஞ்சம் ஆட்டம் விட்டுத்தான் ஆக வேண்டும். அந்த ஆட்டத்தைத்தான் கஸ்டம் பட்டறைகள் எடுக்கின்றன.

ஆட்டம் ஏன் பிரச்சினை என்றால், 1911-ல் சைட் இரண்டும் ஸ்லைடின் மேல் இருக்கின்றன, குழல் தனி. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு பின்னால் போகிறது, குழல் இறங்கி விடுபடுகிறது, திரும்ப வந்து பூட்டிக்கொள்கிறது. பூட்டும்போது குழல் போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றால்தான், நீங்கள் பார்க்கிற சைட்டும் தோட்டா போகிற பாதையும் ஒத்துப்போகும். குழலின் நீளம் ஐந்து அங்குலம். அதன் வாய்ப்பக்கம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு தள்ளி நின்றாலே, 50 கஜத்தில் தோட்டா கிட்டத்தட்ட 2 அங்குலம் விலகிவிடும். தாள் தடிமன் அளவுதான் அந்தப் பிசகு. அதனால் கன்ஸ்மித் கொஞ்சம் பெரிதாக வெட்டப்பட்ட குழலை எடுத்துக்கொண்டு, மை தடவி, எங்கே உரசுகிறது என்று பார்த்து, அரத்தால் ஓர் இழுப்பு, மறுபடி மை, மறுபடி ஓர் இழுப்பு என்று இறக்குகிறார். ஸ்லைடும் ஃபிரேமும் அப்படித்தான். நேரம் தின்னும் வேலை. நீங்கள் கொடுக்கிற காசில் பெரும்பகுதி இந்த மணிக்கணக்குக்கான கூலிதான்.

துல்லியம் யாருக்கு உபயோகப்படும்?

லெஸ் பேயர் தன் பிஸ்டல்களுக்கு 50 கஜத்தில் சுட்ட தோட்டாக்கள் எல்லாம் 3 அங்குலத்துக்குள் விழும் என்று உத்தரவாதம் தருகிறது; கூடுதல் காசு கொடுத்தால் ஒன்றரை அங்குலம். ஒரு கையால் பிடித்து இலக்கு அட்டையைச் சுடுகிற புல்ஸ்ஐ போட்டியில் 50 கஜ இலக்கு அட்டையின் பத்து வளையம் 3.36 அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் சுமார் 1.7 அங்குலம். இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அந்த உத்தரவாதம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது தெரிந்துவிடும். ஒரு கையால் பிடித்து 50 கஜத்தில் சுடுகிறவருக்கு, துப்பாக்கியே மூன்று நான்கு அங்குலம் சிதறினால் அவருடைய நல்ல சூடும் ஒன்பதில் போய் விழும். அவருக்குக் கஸ்டம் தேவை. இதில் எனக்கு வாதமே இல்லை.

மற்றவர்கள் சுடுவது 7 கஜம், 10 கஜம், மிஞ்சினால் 25. இன்றைய சுமாரான தொழிற்சாலை பிஸ்டலைத் தாங்கியில் வைத்துச் சுட்டால் 25 கஜத்தில் இரண்டரை, மூன்று அங்குலத்துக்குள் வந்துவிடும். அதே பிஸ்டலைச் சராசரி ஆள் நின்றபடி சுட்டால் அட்டை முழுக்கப் பரவும். அந்தப் பரவலில் துப்பாக்கியின் பங்கு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கை. மூவாயிரம் டாலர் கையைச் சரிசெய்யாது.

தொழிற்சாலைத் துப்பாக்கி என்றாலே சுமார்தான் என்பதும் சரியில்லை. சுவிட்சர்லாந்து ராணுவம் 1949-ல் ஏற்றுக்கொண்ட எஸ்.ஐ.ஜி. பி210, ராணுவத்தில் வழக்கமாகக் கொடுத்த பிஸ்டல். அதன் துல்லியத்துக்கு இன்றைக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

விசைதான் விஷயம்

என்னைக் கேட்டால் கஸ்டம் பிஸ்டலின் உண்மையான லாபம் இங்கேதான். காரணம் எளிமையான கணக்கு. காலியான குளோக் 17-ன் எடை சுமார் 625 கிராம். அதன் விசையை இழுக்க ஐந்தரை பவுண்டு, அதாவது ஏறக்குறைய இரண்டரை கிலோ அழுத்தம் வேண்டும். துப்பாக்கியின் எடையைப் போல நான்கு மடங்கு. இழுக்கிற விரல் கொஞ்சம் கோணினாலும் குழல்வாய் நகரத்தான் செய்யும். எஃகால் ஆன முழு அளவு 1911, 1,100 கிராம். நன்றாகச் செய்த விசை நான்கு பவுண்டு அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவு. விகிதம் இரண்டு மடங்குக்குள் வந்துவிடுகிறது. அதோடு 1911-ன் விசை நேராகப் பின்னால் போகும். இழுவை எங்கே முடிகிறது என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியும். புதிதாகச் சுடுகிறவர்கூட கஸ்டம் 1911-ஐ வாங்கிச் சுட்டதும் "இதில் நன்றாகச் சுடுகிறேனே" என்று சொல்வது இதனால்தான். குழல் பொருத்தத்துக்கு அதில் அதிகப் பங்கு கிடையாது.

ஆனால் நல்ல விசைக்கு மூவாயிரம் டாலர் வேண்டுமா? இங்கேதான் கஸ்டம் கட்சிக்கு ஆபத்து. செக் நாட்டின் சி.இசட். ஷேடோ 2 தொழிற்சாலையிலிருந்தே போட்டிக்கென்று வருகிறது, 1.3 கிலோ எடை, அருமையான விசை, கஸ்டம் 1911-ன் விலையில் பாதிகூட இல்லை. குளோக்கிலேயே 150, 200 டாலருக்கு வேறு விசை போட்டுக்கொள்ளலாம். பழைய கதை மொத்தமும் மாறாது, ஆனால் வித்தியாசம் தெரியும்.

நம்பகத்தன்மை: இறுக்கம் தருவது இதுவல்ல

1911 மார்ச்சில் நடந்த சோதனையில் பிரவுனிங்கின் பிஸ்டல் 6,000 தோட்டாக்களை ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்டது. சூடேறினால் தண்ணீரில் முக்கியெடுத்துத் தொடர்ந்தார்கள். அது இறுக்கமாகப் பொருத்தியதல்ல. இன்றைய இறுக்கமான கஸ்டம் பிஸ்டலோடு "முதல் சில நூறு தோட்டாக்கள் சுட்டுப் பழக்குங்கள்" என்ற அறிவுரையும் வருகிறது. 4,000 டாலர் கொடுத்தவன் இன்னும் 200 டாலர் தோட்டாவும் வாங்கி, அது ஒழுங்காக ஓடுமா என்று பார்க்க வேண்டும். எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் படுகிறது. நல்ல பட்டறையிலிருந்து வந்தது அதற்கப்புறம் பிரமாதமாக ஓடும், அதை மறுக்கவில்லை.

பெரிய சிக்கல் பாகம் தேய்ந்த பிறகு வருகிறது. ஆசாரி நிலைக்கு ஏற்றபடி இழைத்து மாட்டிய கதவு அந்த நிலைக்கு மட்டும்தான் சேரும். கையால் பொருத்திய பிஸ்டலும் அப்படித்தான்: புதுக் குழல் வேண்டுமென்றால் மறுபடி அந்தக் கை வேண்டும். அமெரிக்க மரைன்கள் இதை நன்றாக அனுபவித்தவர்கள். 1980-களின் நடுவில் தொடங்கி, குவாண்டிகோ தளத்தில் இருந்த அவர்களுடைய ஆயுதக் கம்மியர்கள் பழைய 1911 ஃபிரேம்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கையால் கட்டிச் சிறப்புப் பிரிவுக்குக் கொடுத்தார்கள். பழுது பார்க்க ஆளும் இருந்தார்கள், தோட்டாவுக்கும் பஞ்சமில்லை. கஸ்டம் துப்பாக்கிக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. அப்படியும் 2012-ல் கோல்ட் நிறுவனத்திடம் எம்45ஏ1 என்ற தொழிற்சாலை 1911-ஐ ஆர்டர் செய்தார்கள். சில ஆண்டுகளில் மரைன்களின் சிறப்புப் படையான மரைன் ரெய்டர்கள் குளோக் 19-க்குப் போய்விட்டார்கள். பத்து நிமிடத்தில் யாரும் பாகம் மாற்றிவிடக்கூடிய துப்பாக்கி.

தற்காப்புக்குக் கூடவே வைத்திருக்கிற துப்பாக்கி என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அதை ஒருநாள் பயன்படுத்த நேர்ந்தால், போலீஸ் அதைச் சாட்சியப் பொருளாக எடுத்துக்கொண்டு போவார்கள். எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. அந்த அலமாரியில் 600 டாலர் தூங்குவதும் 4,000 டாலர் தூங்குவதும் ஒன்றல்ல.

இயந்திரம் நெருங்கிவிட்டது

கோல்ட் பைதான் ரிவால்வர் 1955-ல் வந்தது. உள்வேலையைக் கைதேர்ந்த ஆட்கள் அரம் போட்டுப் பொருத்துவதற்காகவே பெயர் வாங்கியது; அந்த ஆட்கள் குறைந்ததும் கூலி ஏறியதும் சேர்ந்து 2005-ல் அதன் தயாரிப்பை நிறுத்தினார்கள். 2020-ல் திரும்ப வந்த பைதானின் உள்வேலையில் பாகங்கள் குறைவு, கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்களில் வெட்டப்பட்டவை. அறிவிப்பு விலை 1,499 டாலர். பழைய பைதானின் மினுமினுப்பான நீலம் பூசிய மேல்தோல் இதில் இல்லை என்று புலம்புகிறவர்கள் புலம்பட்டும், அது நியாயம்தான். ஆனால் பழையதைப் போல அடிக்கடி கம்மியரிடம் கொண்டுபோய், தோட்டா உருளை குழலுக்கு நேராகச் சரியான சமயத்தில் வந்து நிற்கும்படி சரிசெய்யத் தேவையில்லை.

1911-லும் இதுவே நடந்திருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் கன்ஸ்மித்திடம் தனியாகக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட நல்ல சைட், அகலமான பின்பிடி, காலித் தோட்டாக்கூடு வெளியேற இறக்கி வெட்டிய வாய் எல்லாம் இன்று 1,000 டாலர் தொழிற்சாலைப் பிஸ்டலிலேயே வருகின்றன. மிச்சமிருக்கிற குறை எம்.ஐ.எம். முறையில் அச்சில் வார்த்த சிறு பாகங்கள். அவற்றைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகைதான். ஆனால் விசையின் பூட்டுமுனைகளில் முழு எஃகில் வெட்டிய பாகம் நல்லது என்பது சரி. அதற்காக முழுத் துப்பாக்கியையும் மாற்ற வேண்டியதில்லை.

அதே காசில் வேறு என்ன?

9 மி.மீ. பயிற்சித் தோட்டா ஒன்று சுமார் 25, 30 சென்ட். மிச்சமாகும் 2,500 டாலருக்கு எட்டாயிரத்துக்கு மேல் தோட்டா. அதில் ஆயிரம் டாலரைப் பயிற்சி வகுப்புக்கு எடுத்துவைத்தாலும் ஐயாயிரம் மிஞ்சும். சாதாரண குளோக்கோடு அந்த ஐயாயிரத்தையும் ஒழுங்காகச் சுட்டு முடித்தவருக்கும், கஸ்டம் வாங்கிப் பெட்டியில் வைத்து மாதம் ஒருமுறை எடுத்துத் துடைப்பவருக்கும் போட்டி வைத்தால், யார் மேல் பந்தயம் கட்டுவீர்கள்?

ஆகவே தற்காப்புக்கும் முதல் துப்பாக்கிக்கும் கஸ்டம் வேண்டாம். ஓட்டமும் சூடுமாக நடக்கிற போட்டிகளுக்கு ஷேடோ 2 மாதிரி தொழிற்சாலைப் போட்டித் துப்பாக்கியே போதும். புல்ஸ்ஐக்கு லெஸ் பேயர் போன்றவரிடம் போகலாம். 1911 மேல் ஆசை, ஆனால் விலையைப் பார்த்துக் கை நடுங்குகிறது என்றால் டான் வெஸன். நான் இந்தக் களத்தில் காசுக்கு அதிகம் தருவதாக நினைப்பது அதைத்தான். வெறும் ஆசைக்கு வாங்குகிறவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்கட்டும், ஆனால் தேவை என்று வீட்டில் கணக்குக் காட்ட வேண்டாம்.

ஆர்டர் கொடுப்பதாக முடிவு செய்தால் இரண்டு விஷயம். உங்கள் பெயரின் முதல் எழுத்துகளைச் செதுக்கச் சொல்லாதீர்கள். விசித்திரமான நிறமும் வேண்டாம். பட்டறையின் பெயர் விற்கும்போது விலையைத் தாங்கும், உங்கள் பெயர் தாங்காது. தனியாள் கன்ஸ்மித் என்றால், உங்கள் துப்பாக்கியை அவரிடம் விட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கப் போகிறீர்கள். பலருக்கு வயதாகிவிட்டது. இடையில் அவர் தொழிலை விட்டால் துப்பாக்கியும் முன்பணமும் யார் மூலம் திரும்பி வரும் என்பதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.