அண்டார்டிகா கப்பல் டிக்கெட் எடுக்கிறவர்கள் கவனம், எனக்கு 5,60,000 ரூபாய் போச்சு

உசுவாயாவிலிருந்து எழுதுகிறேன், அர்ஜென்டினாவின் தென்கோடி ஊர். நான் ஏறியிருக்க வேண்டிய கப்பல் நேற்று சாயங்காலம் கிளம்பிவிட்டது. இந்நேரம் அண்டார்டிகா போகும் வழியில் டிரேக் நீரிணையில் ஆடிக்கொண்டிருக்கும், நான் விடுதியில் கப் நூடுல்ஸ் தின்றுகொண்டிருக்கிறேன்.

கடைசி நேரத்தில் காலியாகக் கிடக்கும் கேபின்களைத் தள்ளுபடியில் விற்கும் ஓர் இணைய ஏஜென்சி. பேசிய ஆளுக்கு விஷயம் தெரிந்திருந்தது, அதுதான் என் கெட்ட நேரம். 500 பேருக்கு மேல் ஏற்றிப்போகும் கப்பல் அண்டார்டிகாவில் யாரையும் கரையில் இறக்கக் கூடாது, ஓர் இடத்தில் ஒரே சமயத்தில் 100 பேர்தான் இறங்கலாம், அதனால் சின்னக் கப்பலாகப் பாருங்கள் சார் என்றார். அத்தனையும் உண்மை. அப்புறம் ஒரு படிவம் அனுப்பினார். உடல்நிலை, சைவமா அசைவமா, பூட்ஸ் அளவு. கரையிறங்க ரப்பர் பூட்ஸ் கப்பலிலேயே தருவார்கள், அதற்காகவாம். எட்டு என்று எழுதினேன். கால் அளவு கேட்கிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? அன்று ராத்திரியே 5,60,000 ரூபாயை அவர்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன்.

நேற்று துறைமுக வாசலில் பட்டியல் வைத்திருந்த பெண், விரலை மேலிருந்து கீழே இரண்டு தடவை இறக்கிப் பார்த்தார். என் பெயர் இல்லை. கப்பல்காரர்களிடம் கேட்டால், என் பெயரில் ஒரு கேபினைப் பிடித்து வைத்தது நிஜம்தானாம், பணம் வராததால் ஒரே வாரத்தில் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். என் 5,60,000 ஏஜென்சியைத் தாண்டவே இல்லை.

போன் போட்டால் முதலில் "சிஸ்டம்ல இன்னும் ஏறல சார், அரை மணி நேரம்." அப்புறம் அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு. அப்புறம், கப்பல் கண்ணெதிரே நகர்ந்துகொண்டிருக்கும்போது, "டிரேக்ல அலை ஜாஸ்தியாம், நல்லதுக்குன்னு நினைச்சுக்கோங்க சார்." இப்போது நீல டிக் மட்டும்தான். விமான டிக்கெட் செலவு தனி, அதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ஏஜென்சி அனுப்பும் பிடிஎஃபை நம்பாதீர்கள். பணம் கட்டியதும் கப்பல் நிறுவனத்துக்கே மெயில் போட்டு, பெயர் இருக்கிறதா, முழுப் பணமும் வந்ததா என்று கேளுங்கள். கார்டில் கட்டுங்கள், கணக்குக்கு அனுப்பாதீர்கள். ரசீதில் இருக்கும் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள், எனக்கு வேறு வேறாக இருந்தது, அப்போது உறைக்கவில்லை.

இங்கே ராத்திரி ஒன்றரை மணி. சென்னையில் காலை பத்து, ஆபீஸ் திறந்திருப்பார்கள். மறுபடி போன் போடுகிறேன்.