கடலுக்குள் பாறைத் தூண்: ஸ்நார்கெலா, ஸ்கூபாவா?

உச்சி நீர்மட்டத்துக்கு 2, 3 மீட்டர் கீழே; அடிவாரம் 15 முதல் 18 மீட்டரில் மணலைத் தொடும். வெப்பக் கடல்களில் இப்படித் தனித்து நிற்கும் பாறைத் தூண்களுக்குக் கிளம்பும் படகுகளில் ஸ்நார்கெல் கூட்டமும் (மேலே மிதந்தபடி குழாயில் மூச்சு விட்டுப் பார்ப்பவர்கள்) ஸ்கூபா கூட்டமும் (காற்று சிலிண்டரோடு கீழே இறங்குபவர்கள்) பல நேரம் ஒன்றாகவே ஏறும். "மேலிருந்தே எல்லாம் தெரியுமே, இதற்குப் போய் சிலிண்டர் எதற்கு?" என்ற கேள்வியும் கூடவே ஏறும். இரண்டு விதமாகவும் இறங்கிப் பார்த்ததில் என் ஓட்டு ஸ்கூபாவுக்குத்தான். முக்கியக் காரணம் நீரோட்டம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஸ்நார்கெலுக்கு மாஸ்க், குழாய், துடுப்பு, மிதவைச் சட்டை போதும், செலவும் குறைவு. ஸ்கூபாவுக்குப் பயிற்சி வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்கள் பயிற்றுநரோடு அறிமுக டைவ் போகலாம், அதில் பொதுவாக 12 மீட்டர்தான் எல்லை. டைவ் முடித்த கையோடு விமானம் ஏறக் கூடாது: ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். அன்று இரவே விமானம் என்றால் இந்த அலசலே தேவையில்லை, ஸ்நார்கெல்தான்.

சரி, நீரோட்டத்துக்கு வருவோம். கரையோரப் பவளத்திட்டில் களைத்துப் போனால் கரைப் பக்கம் ஒதுங்கலாம். பாறைத் தூணில் அந்த வசதி கிடையாது, சுற்றிலும் திறந்த கடல். வருகிற ஓட்டம் பாறையில் மோதி இரண்டாகப் பிரிந்து, பக்கவாட்டில் இன்னும் வேகமெடுக்கும். 1 நாட் ஓட்டம் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர், சொல்லிக் கேட்டால் ஆமை வேகம். ஆனால் சும்மா மிதப்பவரை அது 5 நிமிடத்தில் 150 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய்விடும். துடுப்பு மாட்டிய சாதாரண ஆள் விடாமல் நீந்தக்கூடிய வேகமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூச்சு வாங்க உதைத்துக்கொண்டே இருந்தால் இருந்த இடத்தில் இருக்கலாம், அவ்வளவே. அப்புறம் மீனை எங்கே பார்ப்பது?

ஓட்டம் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் அதிகம். காற்றும் தன் பங்குக்குத் தள்ளும். தரையை நெருங்க நெருங்க உராய்வால் வேகம் குறையும். டைவ் செய்பவர் மிதவைக் கயிற்றைப் பிடித்து நேராகக் கீழே போய், பாறையின் மறைவுக்குள் ஒதுங்கிவிடலாம். ஓட்டம் படாத அந்தப் பக்கத்தில் துடுப்பை அசைக்காமலேயே நிற்க முடியும். அங்கிருந்து விளிம்புவரை நகர்ந்து எட்டிப் பார்த்தால், ஓட்டம் வந்து மோதும் முகத்தில் பாரையும் பாராகுடாவும் எதிர்நீச்சலில் கூட்டமாக நிற்கும். மிதந்து வரும் இரை அந்தப் பக்கம்தான் வருகிறது, மீனும் அங்கேதான் கூடும். மேலே மிதப்பவரால் நிற்கவே முடியாத இடமும் அதுதான். மற்றதெல்லாம் சமமாக இருந்தாலும் இந்த ஒன்றுக்காகவே நான் சிலிண்டரைத் தூக்குவேன்.

ஒரு எச்சரிக்கை. ஓட்டம் மிகவும் வலுத்தால் பாறைச் சுவரை ஒட்டி நீர் கீழ்நோக்கி இழுக்கும். படகுக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம், இரு கூட்டத்துக்கும்தான். ஏறி வரும்போது ஓட்டத்தில் மாட்டினால் டைவ் செய்பவரும் அடித்துக்கொண்டு போகப்படுவார். காற்றடைக்கும் மிதவையை முன்னதாகவே மேலே விட்டால்தான் படகு கண்டுபிடிக்கும்.

இரண்டாவது காரணம் சுவர்கள். மேலிருந்து பார்த்தால் பாறையின் தலை மட்டுமே தெரியும். குடைவுக்குள் ஒளிந்திருக்கும் அஞ்சாலை, நிழலில் அசையாமல் கிடக்கும் களவா, கூரையிலிருந்து தொங்கும் மென்பவளம் எதுவும் தெரியாது. தாய்லாந்து வளைகுடாவின் செயில் ராக்கில் ஏறக்குறைய 18 மீட்டரில் நுழைந்து 5 மீட்டர் அருகே வெளியே வரும் செங்குத்துக் குடைவு ஒன்று உண்டு; ஸ்நார்கெல் போடுபவருக்கு அது வெறும் ஓட்டை. ஆழம் குறைவு என்பதும் டைவுக்குச் சாதகம்தான். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, காற்றும் இரண்டு மடங்கு செலவாகும். அப்படியும் 12 லிட்டர் சிலிண்டர் 200 பார் அழுத்தத்தில் நிரம்பியிருந்தால், நிதானமாக மூச்சு விடுபவருக்கு முக்கால் மணி நேரம் தாராளமாக வரும். அடிவாரத்தில் தொடங்கிப் பாறையைச் சுற்றிச் சுற்றி மேலே வரலாம். மேலே வருமுன் 5 மீட்டரில் நிற்க வேண்டிய 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தமும் வெறும் நீலத்தில் தொங்காமல், மீன்களுக்கு நடுவிலேயே கழியும்.

ஸ்நார்கெல் ஜெயிக்கும் இடமும் உண்டு: பாறையின் உச்சி. நீரில் முதலில் மங்குவது சிவப்பு. 5 மீட்டர் தாண்டும்போதே அதில் பெரும்பகுதி போய்விடும். நடுப்பகல் வெயிலில் உச்சியின் நிறங்களை மேலிருந்து பார்ப்பதுபோல் கீழே விளக்கடித்துப் பார்த்தாலும் வராது. குமிழிச் சத்தம் இல்லாததால் கிளிமீன் பாறையைச் சுரண்டுவது காதிலேயே கேட்கும். அதே உச்சியில் டைவ் செய்பவர் பாடு திண்டாட்டம்தான். அலையின் இழுப்பும் தள்ளலும் அங்கே அதிகம். அழுத்தம் விகிதத்தில் மிக வேகமாக மாறுவதும் முதல் சில மீட்டர்களில்தான், அதனால் மிதவைச் சமநிலை நழுவிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் அசந்தால் கொட்டலசிலோ கடல் முள்ளெலியிலோ உரசிவிடும்.

மூச்சடக்கி 10 மீட்டர் இறங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம். என் மூச்சு 4, 5 மீட்டரோடு சரி, அவர்கள் சார்பில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரவில் எது மேல் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து இல்லை.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஓட்டம் தணியும் நேரத்தைப் படகுக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்நார்கெல் மட்டும்தான் என்றால் அந்த நேரத்துக்கு ஏற்பாடு செய்யாத பயணத்துக்குப் பணம் கட்டாதீர்கள். டைவும் உண்டு என்றால், இரண்டு டைவ்களுக்கு நடுவே உச்சிக்கு மேல் மிதந்து வரலாம். மிதப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டைவ் முடித்த உடனே மூச்சடக்கி ஆழத்துக்கு இறங்குவது, உடலில் தங்கிய நைட்ரஜன் குமிழியாகும் சிக்கலை வரவழைக்கலாம்.