"ஆறு வாய்ஸும் புதுசு சார்" என்று விற்கப்படும் ஜூனோ-106: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

பழைய அனலாக் சிந்தசைசர் (மின்சுற்றாலேயே சத்தத்தை உருவாக்கும் கீபோர்டு) வாங்க நினைப்பவர்கள், குறிப்பாக இன்ஸ்டாகிராமில் "முழுசா ரெஸ்டோர் பண்ணது" என்ற வீடியோவைப் பார்த்து அட்வான்ஸ் அனுப்பத் தயாராக இருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். புகார் நிலுவையில் இருப்பதால் விற்றவரின் பெயரையும் ஊரையும் இங்கே போடவில்லை. ஆனால் என்னென்ன செய்தார் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன். அதே வேலையை வேறு பெயரில் வேறு ஒருவரும் உங்களிடம் காட்டலாம்.

நான் சென்னையில் இருக்கிறேன். ராகங்களை வைத்து முழுக்க அனலாக் சத்தத்தில் ஒரு ஆல்பம் செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் ரோலண்ட் கம்பெனியின் ஜூபிடர்-8 சிந்தசைசர், டிபி-303 பாஸ் மெஷின், டிஆர்-808 டிரம் மெஷின் மூன்றையும் வைத்துக்கொண்டு ராகங்களை வாசித்து ஒரு தட்டு போட்டார். அன்று பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை, 2010இல் மறுபடி வெளியான பிறகுதான் ஊர் உலகமெல்லாம் பேசியது. அதைக் கேட்ட நாளிலிருந்து பிடித்த பைத்தியம் இது. ஜூபிடர்-8 நம் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. அதே ரோலண்டின் ஜூனோ-106 கஷ்டப்பட்டால் எட்டும். 1984இல் வந்தது, ஆறு வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஆறு சுரம் ஒலிக்கும்), 128 பேட்ச் (சேமித்து வைக்கும் சத்தங்கள்), கணினியோடும் மற்ற கருவிகளோடும் இணைக்க மிடி உண்டு, கோரஸ் பட்டனை அழுத்தினால் அறையே அகலமாகிவிட்ட மாதிரி ஒரு சத்தம். மென்பொருளிலேயே இதெல்லாம் கிடைக்கிறதே என்பவர்களுடன் எனக்குச் சண்டை இல்லை. ஸ்லைடரைத் தள்ளிக்கொண்டே வாசிக்கும்போது அந்த ஃபில்டர் (சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) நகரும் விதம் எனக்கு வேண்டியிருந்தது, அதற்காகத்தான் இத்தனை வருஷம் பணம் சேர்த்தேன்.

ஜூனோ-106ஐப் பற்றி விசாரிக்கும் எவருக்கும் முதலில் தெரியவரும் விஷயம் அதன் வாய்ஸ் சிப். 80017ஏ என்று பெயர், ஒரு வாய்ஸுக்கு ஒன்று வீதம் ஆறு இருக்கும். ஃபில்டரும் ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டும் அதற்குள்தான். அதன் மேல் ரோலண்ட் பூசிய கறுப்பு எபாக்ஸி பிசின் வயதாக ஆக மின்கசிவுக்கு இடம் கொடுத்துவிடுகிறது, அதனால் ஒவ்வொன்றாகச் சாகும். அசிட்டோனில் ஊறவைத்து அந்தப் பூச்சைக் கரைத்து எடுத்தால் சில சிப் பிழைக்கும். பிழைக்காததற்கு இப்போது புதிதாகச் செய்த மாற்றுச் சிப்புகள் கிடைக்கின்றன. ஆறையும் மாற்றிய ஜூனோவுக்கு ஒரு விலை, மாற்றாததற்கு ஒரு விலை, இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் உண்டு. என் விஷயத்தில் முழு ஏமாற்றும் அந்த வித்தியாசத்தில்தான் நடந்தது.

விற்றவர் வீட்டில் கிடந்த பழைய பொருளை விற்கிற ஆள் இல்லை. பழைய கீபோர்டுகளை வாங்கிச் சரிசெய்து விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர். நான் எழுத்தில் கேட்டேன்: ஆறு சிப்பும் மாற்றப்பட்டதா, மெமரி பேட்டரி புதுசா, 230 வோல்ட்டுக்கு மாற்றியாயிற்றா? மூன்றுக்கும் "எஸ் சார்" என்று எழுத்திலேயே பதில். உள்ளே திறந்து எடுத்த போட்டோ கேட்டேன், வந்தது, பளபளவென்று ஆறு புது சிப். வீடியோ கேட்டேன், அதுவும் வந்தது, அட்டகாசமாக இருந்தது. கூடவே ஒரு கதை: இது கோடம்பாக்கத்தில் மூடிய ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் எண்பதுகளில் இருந்தே கிடந்தது, எத்தனையோ படப் பாட்டில் வாசித்தது, அதனால்தான் விலை கொஞ்சம் கூட. இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்தேன்.

வந்து இறங்கிய அன்று நன்றாகத்தான் வாசித்தது. பதிவுக்கு உட்கார்ந்தபோதுதான் வந்தது வினை. மோகனத்தில் ஒரு துண்டு, ச ரி க ப த ச் என்று ஆரோகணத்தை மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிற இடம். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், மேல் ஷட்ஜம் மட்டும் மங்க ஆரம்பித்தது. முதலில் என் விரல் என்று நினைத்தேன். அப்புறம் அதில் பொரிகிற மாதிரி கரகரப்பு, அப்புறம் சத்தமே இல்லை. ச ரி க ப த, ஒரு ஓட்டை, மறுபடி ச ரி க ப த. ஜூனோவில் பாலி 1 பட்டனில் வாசித்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் அடுத்தடுத்த வாய்ஸ் வரிசையாக வரும், மோகனத்தின் ஆரோகணத்தில் சரியாக ஆறு சுரம், ஆக ஆறாவது வாய்ஸ் செத்தால் ஒவ்வொரு முறையும் மேல் ஷட்ஜம்தான் விழும். அணைத்து ஆறவிட்டுப் போட்டால் திரும்ப நன்றாக வாசிக்கும், சூடானதும் போய்விடும். கெட்டுக்கொண்டிருக்கும் 80017ஏ சிப் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

அதற்குப் பிறகு அந்த வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பாலி 1, பாலி 2 இரண்டு பட்டனிலும் விளக்கு எரிகிறது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் யூனிசன், அதாவது ஒரு கட்டையை அழுத்தினாலே ஆறு வாய்ஸும் ஒன்றாக ஒலிக்கும். அதில் ஒன்று செத்திருந்தாலும் காதுக்குத் தெரியாது, மேலே கோரஸும் போட்டுவிட்டால் சத்தியமாகத் தெரியாது. வீடியோ முழுக்க அப்படியேதான் வாசித்திருக்கிறார். தற்செயலாக அமைந்தது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சினிமா கீபோர்டுக்காரர்களுக்குப் பல வருஷம் சர்வீஸ் செய்த ஒரு அண்ணன் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். மேல்பலகையைத் திறந்தார். போட்டோவில் பார்த்த புது சிப் ஒன்றுகூட இல்லை. நான்கில் தொழிற்சாலையில் பூசிய கறுப்பு எபாக்ஸி அப்படியே இருக்கிறது. இரண்டில் மட்டும் அரைகுறையாகச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், சிப்பின் காலடியில் பசை எச்சம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு காலில் சோல்டர் சரியாகப் பிடிக்கவே இல்லை. மெமரி பேட்டரியும் புதுசு இல்லை, மல்டிமீட்டரை வைத்தால் இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே காட்டுகிறது, புது சிஆர்2032 என்றால் மூன்றுக்குக் குறையாது. அது தீர்ந்தால் 128 பேட்சும் போயிற்று. ஆல்பத்துக்காக நான் உருவாக்கி வைத்திருந்த சத்தங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஜூனோவில் கேசட்டில் சேமிக்க ஒரு வழி உண்டு, அந்தச் சத்தத்தை கணினியில் ஆடியோவாகவே பதிந்துகொள்ளலாம். அண்ணன் வேறு எதையும் தொடும் முன் அதைத்தான் செய்யச் சொன்னார், பிழைத்தேன்.

பின்னால் இருக்கும் தகட்டைத் திருப்பிக் காட்டினார்: 100 வோல்ட். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தது. உள்ளே டிரான்ஸ்பார்மரை யாரும் தொடவில்லை. "230க்கு மாற்றியாச்சு" என்றால் அவர் கணக்கில் கூடவே அனுப்பிய, வோல்ட்டைக் குறைக்கிற ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டி. அது 110 வோல்ட் கொடுக்கிற பெட்டி, நம்ம வீட்டு லைனில் 240 வருகிற நேரத்தில் 115ஐத் தொடுகிறது. 100 வோல்ட் பொருளுக்கு அத்தனை கொடுத்தால் மிச்சமெல்லாம் பவர் சப்ளையில் சூடாகத்தான் இறங்கும், ஏற்கெனவே சூட்டில் சாகிற சிப்புக்கு மேலும் சூடு. எர்த் கம்பியும் அந்தப் பெட்டியில் கிடையாது. கோடம்பாக்கக் கதையையும் நான் இப்போது நம்பவில்லை. நாற்பது வருஷம் இங்கே ஓடிய பொருளில் யாராவது ஒருவர் டிரான்ஸ்பார்மரையோ வயரையோ மாற்றிய தடமாவது இருக்கும் என்று அண்ணன் சொன்னார், இதில் அப்படி எதுவுமே இல்லை.

போன் செய்தேன். போட்டோவில் இருந்த சிப் எங்கே என்று கேட்டதற்கு வந்த பதில், "அது சாம்பிள் போட்டோ சார்." சரி, ஆறு சிப்பும் மாற்றியது என்று எழுதினீர்களே என்றால், "மாத்தினதுன்னா சர்வீஸ் பண்ணினதுன்னு அர்த்தம், விண்டேஜ் பொருள்னா இப்படித்தான் இருக்கும்." பில்லை எடுத்துப் பாருங்கள் என்றார். பார்த்தேன். "பழைய கீபோர்டு, உள்ளது உள்ளபடி" என்று எழுதியிருக்கிறது. பணம் முழுக்கக் கைக்குப் போன பிறகு, பொருளோடு பெட்டிக்குள் வைத்து அனுப்பிய பில் அது.

கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு வாரண்டியில் சரிசெய்து தருகிறேன், அனுப்புங்கள் என்றார். வேறு வழி தெரியவில்லை, அனுப்பினேன், மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. திரும்பி வந்தபோது ஆறு வாய்ஸும் ஒரே அளவில் கேட்டது. ஆனால் மொத்தச் சத்தமும் பாதிதான், கோரஸ் போட்டால் இரைச்சல் மேலே ஏறி நிற்கிறது. மறுபடி அண்ணன் திறந்தார். ஒவ்வொரு வாய்ஸுக்கும் அளவைச் சரிசெய்ய ஒரு சின்னத் திருகு உண்டு. ஆறாவது சிப்பை மாற்றாமல், அந்த நோஞ்சான் அளவுக்கு மற்ற ஐந்தையும் அந்தத் திருகில் இறக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அன்று வந்த கோபத்தை எழுத முடியாது. தெரியாமல் செய்கிற தவறு இது இல்லை, காலிபரேஷன் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகச் செய்த வேலை. இந்தத் தொழிலில் அத்தனை கைத்திறன் இருக்கிற ஒருவர் அதை இதற்குப் பயன்படுத்துகிறார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்கு மேல் அவரிடம் பேசவில்லை. 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்தேன், அவர் அங்கேயும் பதில் சொல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளம் வழியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். 2019ஆம் வருஷச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் இருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. எனக்குக் கைகொடுப்பது அந்த எழுத்துப் பதில்களும் சாம்பிள் போட்டோவும் யூனிசன் வீடியோவும்தான். எனவே போனில் என்ன பேசினாலும் உடனே வாட்ஸ்அப்பில் "நீங்கள் இப்போது சொன்னபடி" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். பில்லில் என்ன எழுதப் போகிறார் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஜூனோ-106 வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய வீடியோ இதுதான்: பொருளை ஆன் செய்து குறைந்தது ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். பிறகு அணைத்து, கீ டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திப் பிடித்தபடி உடனே ஆன் செய்தால் டெஸ்ட் மோடுக்குள் போகும். அதில் கட்டையை அழுத்தும்போதெல்லாம் எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்ற எண் திரையில் தெரியும். கோரஸ் இல்லாமல், ஒன்று முதல் ஆறு வரை, எண்ணும் கேமராவில் தெரிய, ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். அதே வீடியோவில் வெட்டு இல்லாமல் பின்னால் இருக்கும் சீரியல் நம்பரையும் வோல்ட்டேஜ் தகட்டையும், மூடியைத் திறந்து ஆறு சிப்பையும் காட்ட வேண்டும். 100 வோல்ட் பொருள் என்றால் 230க்கு 100 கொடுக்கிற டிரான்ஸ்பார்மர்தான் வேண்டும், 110 பெட்டி வேண்டாம், செய்து தர சென்னை ரிச்சி தெரு பக்கம் ஆள் இருக்கிறார்கள். வேறு பழைய சிந்த் பார்ப்பவர்களும் அதனதன் நோயை முதலில் விசாரியுங்கள். கோர்க் பாலிசிக்ஸ் என்றால் மெமரி பேட்டரி ஒழுகி அது இருக்கும் போர்டையே அரித்திருக்கும், அந்த இடத்தின் போட்டோ இல்லாமல் பேச்சே வேண்டாம்.

ஏற்கெனவே யாருக்காவது அட்வான்ஸ் கொடுத்துப் பொருள் இன்னும் வராமல் இருந்தால், பார்சல் கிளம்பும் முன் இந்த வீடியோவைக் கேளுங்கள். "வந்ததும் நீங்களே பாருங்க சார்" என்றால் பணத்தைத் திருப்பித் தரும்படி அன்றைக்கே எழுத்தில் கேட்டுவிடுங்கள். என்னைப் போல "சாம்பிள் போட்டோ" பதில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், என் புகாரின் நகலைத் தருகிறேன், உங்கள் விவரத்தை மாற்றி அப்படியே கொடுக்கலாம்.