பிள்ளை பெற்ற வீட்டுக்கு எந்தத் த்ரில்லர்?

தங்கை பிரசவத்துக்கு வேலூர் சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்திருந்தபோது இந்த இரண்டு த்ரில்லர் நாவல்களையும் படித்தேன். மெலனி கோல்டிங்கின் 'லிட்டில் டார்லிங்ஸ்' (2019), இரட்டைக் குழந்தைகளை யாரோ மாற்றிவிட்டதாக நம்பும் தாயின் கதை. தொட்டிலுக்கடியில் இரும்பு வைத்து, பிஞ்சுக் கையில் வசம்பு வளையல் கட்டும் நமக்கு அந்தப் பயம் புதிதல்ல. போலீஸ் விசாரணையும் உண்டு, விறுவிறுவென்று போகும்.

ஆஷ்லி ஆட்ரெய்னின் 'தி புஷ்' (2021) வேறு மாதிரி. பேய் பிசாசு கிடையாது, மகளிடம் ஒட்டாத ஒரு தாயின் மனசுதான். அந்தத் தாய் பிளைத், தன் கணவனை "நீ" என்று விளித்தே எல்லாம் சொல்கிறாள். நடுராத்திரி பாலூட்டியபடி சுவரையே வெறித்த தங்கையின் முகம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் ஓட்டு இதற்கே. ஆனால் பச்சை உடம்புக்காரியிடம் இப்போதே கொடுக்காதீர்கள். வீட்டுக்காரர் முதலில் படிக்கட்டும்.