பதினாலாவது க்ளிக்: கையால் சுற்றும் காப்பி கிரைண்டர் அனுபவம்

புனேவுக்கு மாற்றலாகிப் போன நண்பர் ஒருவர் கேட்டார்: "கையால் சுற்றுகிற கிரைண்டர் வைத்திருக்கிறீர்களே, நானும் ஒன்று வாங்கலாமா?" சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தையில் பதில் போட முடியவில்லை. எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

பிராண்ட் பெயர் வேண்டாம். 38 மில்லிமீட்டர் எஃகு பர் (கொட்டையை அரைக்கிற பல் சக்கரம்), அலுமினிய உடம்பு, மேலே இருபது, இருபத்தைந்து கிராம் கொட்டை பிடிக்கும் குழி, கீழே திருகிக் கழற்றுகிற கிண்ணம், நடுத்தர விலை. இந்த வகையில் எதை வாங்கினாலும் நான் சொல்லப்போகிற குறை பெரும்பாலும் உங்களுக்கும் வரும்.

எங்கள் வீட்டில் காப்பிக்கு இரண்டு கட்சி. அம்மாவும் நானும் பித்தளை ஃபில்டர் கட்சி. டிகாக்ஷன், பால், கொஞ்சம் சிக்கரி. மகளுக்குப் பாலே பிடிக்காது. வி60 என்கிற வடிகட்டிக் கூம்பில் தாளைப் போட்டு, தராசில் எடை பார்த்து, வெந்நீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றிக் கடுங்காப்பி போட்டுக்கொள்வாள். ஃபில்டருக்கு அரவை நைஸாக இருக்க வேண்டும், ஆனால் மாவாகிவிடக் கூடாது. எங்கள் கிரைண்டரில் அது 14 க்ளிக் (அரவைத் திருகைத் திருப்பும்போது கேட்கிற ஒவ்வொரு 'டக்'கும் ஒரு க்ளிக்). கூம்புக்கு ரவைப் பதம், 22 க்ளிக். இந்த எட்டு க்ளிக் வித்தியாசத்தில்தான் எங்கள் வீட்டின் காலை நேரச் சண்டைகளில் பாதி நடக்கிறது.

அரவையை மாற்றும் திருகு பர்ருக்கு அடியில், உள்ளே இருக்கிறது. அதில் எண் கிடையாது, கோடு கிடையாது. எந்த அளவில் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் கிண்ணத்தைக் கழற்றி, கைப்பிடி சுற்ற முடியாமல் இறுகும்வரை திருக வேண்டும். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து டக், டக் என்று பின்னால் எண்ணிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு க்ளிக்குக்கும் பர்ருக்கு இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட மாறுவதில்லை. ஆனாலும் இரண்டு க்ளிக் தவறினால் டிகாக்ஷன் வேறு டிகாக்ஷன். அதுவும் பூஜ்யம் எது என்பதிலேயே தகராறு. கைப்பிடி தன் எடையில் கீழே விழாமல் நிற்பதா, பர் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிடுவதா? இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு க்ளிக் ஓடிவிடுகிறது.

காலை ஐந்தரைக்குத் தூக்கக் கலக்கத்தில் இதை எண்ணிப் பாருங்கள். நடுவில் பால்காரர் மணி அடித்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். மகள் முந்தின நாள் சாயங்காலம் 22இல் வைத்துவிட்டுப் போயிருப்பாள். அதே அரவையை ஃபில்டரில் போட்டால், வெந்நீர் ஊற்றிய கையோடு எல்லாம் கடகடவென்று கீழே இறங்கி நீர்த்துப்போய் நிற்கும். அவசரத்தில் இந்தப் பக்கம் அதிகமாகத் திருகிவிட்டால் சொட்டுகூட இறங்காது. அம்மா ஃபில்டரைத் தட்டிக்கொண்டே, "இன்னிக்கும் மாத்தி வெச்சுட்டாளா?" என்பார். இந்தக் கேள்விக்காகவே சில நாள் விற்றுவிடலாமா என்று தோன்றும்.

நெயில் பாலிஷால் புள்ளி வைத்தும் பார்த்தோம். திருகு ஒரு முழுச் சுற்றுக்கு 12 க்ளிக். ஆகவே 10இல் நின்றாலும் 22இல் நின்றாலும் புள்ளி ஒரே இடத்தில்தான் இருக்கும். பார்த்துச் சொல்ல முடியாது. ஃபிரிட்ஜில் காகிதம் ஒட்டி, மாற்றுகிறவர் எழுதிவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டோம். அந்தச் சட்டத்தை யாரும் மதிக்கவில்லை. வடிவமைத்தவர்கள் ஒரே ஆள், ஒரே விதக் காப்பி என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. விலை கூடிய மாடல்கள் சிலவற்றில் வெளியே எண் பொறித்த வளையம் வருகிறது. ஒரு வளையத்துக்கும் நாலு எண்ணுக்கும் இரண்டு மடங்கு விலை கேட்கிறார்களே என்றுதான் எனக்குக் கோபம்.

நியாயமாகச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

அரவை அபாரம். இதற்கு முன்னால் ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் பீங்கான் பர் வைத்த ஒன்று இருந்தது. அதில் அச்சு ஆடும். அச்சு ஆடினால் கொட்டை ஒரு பக்கம் தூளாகவும் ஒரு பக்கம் குருணையாகவும் விழும். ஃபில்டரில் தூள் போய் ஓட்டையை அடைக்கும், குருணை சாரத்தை விடாது. கசப்பும் புளிப்பும் ஒரே டம்ளரில் வந்து நிற்கும். இப்போது இருப்பதில் அச்சை இரண்டு பேரிங் பிடித்துக்கொள்கிறது. தூளைக் கையில் எடுத்துத் தேய்த்தால் ஒரே சீராக இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து வாங்கி வந்த பீபரி என்கிற உருண்டைக் காப்பிக் கொட்டையை முதன்முதலாக இதில் அரைத்துப் போட்ட அன்று அம்மா இரண்டாம் டம்ளர் கேட்டார். அவர் இரண்டாவது கேட்கிற வழக்கமே இல்லை.

சிக்கரி விஷயம் தனி. கடையில் 80க்கு 20 என்று சொல்லி அரைத்து வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டியதில்லை. (சிக்கரி கலந்த தூளில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதாவது பாக்கெட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சிக்கரி இருந்தாலும் சட்டப்படி சரி. பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.) கை கிரைண்டரில் சிக்கரியைப் போடவே கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும், பர்ரில் அப்பிக்கொண்டால் சுரண்டி எடுக்க அரை நாள். சிக்கரித் தூளைத் தனியாக வாங்கி, அரைத்த பிறகு கரண்டியால் கலக்கிறேன். சிக்கரி டிகாக்ஷன் இறங்குவதையும் மட்டுப்படுத்தும். அதனால் சிக்கரி இல்லாமல் குடிக்கிறவர்கள் இன்னும் ஒரு க்ளிக் நைஸாகப் போக வேண்டியிருக்கும். மறுபடியும் க்ளிக்!

தூள் கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொள்வது பற்றி நிறையப் பேர் புலம்புவார்கள். சென்னை ஈரக்காற்றில் எனக்கு அது பெரிய தொல்லையாக இல்லை. ஏசி அறையில் அரைத்தால் உண்டு. அரைப்பதற்கு முன் ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் நனைத்துக் கொட்டையை ஒரு கிளறு கிளறினால் போதும். 2023இல் ஆரிகன் பல்கலைக்கழக வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டனும் எரிமலை ஆய்வாளர்களும் சேர்ந்து இதை ஆராய்ந்து கட்டுரையே வெளியிட்டார்கள். எரிமலைச் சாம்பல் துகள்கள் உரசி மின்னேற்றம் பெறுவதைப் படிக்கிறவர்களுக்குக் காப்பித் தூளும் அதே சங்கதிதானாம். ஒரு சொட்டுத் தண்ணீர் அந்த மின்னேற்றத்தை அடக்கிவிடுகிறது. உலகத்தில் எதையெல்லாம் ஆராய்கிறார்கள் பாருங்கள்.

பர்ரை மட்டும் தண்ணீரில் கழுவாதீர்கள், துரு பிடிக்கும். பிரஷ் போதும். வீட்டில் மற்றவர்களிடம் சொல்லி வைக்க வேண்டிய இன்னொன்று, மிளகு. ஊரிலிருந்து வந்த சித்தி, "இது மிளகு பொடிக்க நல்லா இருக்கே" என்று ரசத்துக்குப் பொடித்துவிட்டார். அப்புறம் எத்தனை முறை துடைத்தும் காப்பியில் காரம் போகவில்லை. பெஷோ என்ற பிரெஞ்சு நிறுவனம், இப்போது கார் செய்கிறதே அதுதான், 1840இல் காப்பி மில் செய்தது, 1874இல் மிளகு மில் செய்தது. காரணமாகத்தான் இரண்டையும் தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள் சித்தி!

அதே சித்திதான் இதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டி வீட்டு ரேழியில் பலகையோடு திருகி வைத்திருந்த இரும்பு மெஷினை நினைவுபடுத்தினார். "அதை எடைக்குப் போட்டாச்சு, இப்ப ஆயிரக்கணக்கில கொடுத்து அதையே வாங்கிட்டு வந்திருக்கே." பதில் சொல்ல முடியவில்லை. உண்மையில் அந்த மெஷினில் ஒரு வசதி இருந்தது: பலகை அதைப் பிடித்துக்கொள்ளும், நாம் சுற்றினால் போதும். இதை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சுற்ற வேண்டும். ஃபில்டருக்கான நைஸ் அரவையில் ஒரு தடவைக்கு இரண்டு நிமிஷம் ஆகும். ஃபில்டருக்குக் கொஞ்சம் கறுப்பாகவே வறுப்பதால் கொட்டை சுலபமாக உடையும். மகள் வாங்குகிற இளவறுப்புக் கொட்டைதான் கல். சற்றே சாய்த்துப் பிடித்துச் சுற்றினால் கொட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சிக்காது. இரண்டு பேருக்கு இது உடற்பயிற்சி. நாலு பேர் விருந்தாளி வந்தால் தண்டனை. குழியை இரண்டு மூன்று முறை நிரப்பி அரைக்க வேண்டும், அதற்குள் கூடத்தில் பேச்சு முடிந்து, "காப்பியெல்லாம் வேண்டாம், கிளம்பறோம்" என்று எழுந்துவிடுவார்கள்.

பயணத்துக்கு நல்லது என்று விளம்பரத்தில் மலை உச்சியில் ஒருவர் சுற்றிக்கொண்டிருப்பார். பாதி உண்மை. கும்பகோணத்துக்கு நான் இதை எடுத்துப் போனது கொல்லத் தெருவில் ஊசி விற்ற கதைதான். எதிர்க்கடையில் நுரையோடு ஆற்றித் தருகிறபோது லாட்ஜ் அறையில் உட்கார்ந்து யார் சுற்றுவது? ஆனால் காசி, டெல்லிப் பக்கம் போகும்போது இது கூட இருந்தால்தான் தைரியம். அங்கே காப்பி என்று கேட்டால் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூளைக் கலக்கித்தான் தருகிறார்கள். அறையில் கெட்டில் இருந்தால் சின்ன எவர்சில்வர் ஃபில்டரோடு வேலை முடிந்துவிடும். பால்தான் பிரச்சினை. பால் பவுடரில் போட்டால் இவ்வளவு பாடுபட்டதற்கு அர்த்தமே இல்லை, கடுங்காப்பியாகவே குடித்துவிடலாம். விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். உள்ளே கூம்பும் தண்டுமாக இருக்கிற இந்த உலோக உருளையை எக்ஸ்ரேயில் பார்த்தால் திறந்து காட்டச் சொல்வார்கள். எனக்கு அமைந்த அதிகாரி முகர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, மிக்ஸி இல்லை, பாலும் கிடைக்கவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதைத்தான் சுற்றினோம். மாடி வீட்டுக்காரரும் கொட்டையோடு இறங்கி வந்தார். அந்த நாலைந்து நாளும் எல்லோரும் மகள் கட்சி, 22 க்ளிக், ஒரு சண்டை இல்லை.

நடுவில் ஒரு ரிப்பேர். கைப்பிடி முனையிலுள்ள பிளாஸ்டிக் குமிழ் விரிசல் விட்டு உடைந்தது. விற்ற இடத்தில் உதிரிப் பாகம் கிடையாது, முழுக் கைப்பிடியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதுவும் ஸ்டாக் இல்லை! மரக் கடைசல் பட்டறை ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினேன். பட்டறைக்காரர் அங்கே கிடந்த தேக்குத் துண்டு ஒன்றைக் கடைந்து, துளை போட்டு, அதே திருகாணியில் மாட்டிக் கொடுத்தார். இப்போது உள்ளங்கையில் பழைய குமிழைவிடச் சுகமாக உட்காருகிறது. இந்தச் சாமானில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் எது என்று கேட்டால் நிறுவனம் செய்யாத இந்தக் குமிழைத்தான் சொல்வேன்.

நண்பருக்குப் பதில்: நீங்கள் புனேயில் தனியாக இருக்கிறீர்கள், தினமும் ஒரே விதமாகக் குடிக்கிறீர்கள். ஒரு தடவை க்ளிக்கைப் பிடித்துவிட்டால் அப்புறம் அதைத் தொடவே வேண்டாம். ஆக உங்களுக்கு வாங்கலாம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். இன்று காலை மூன்று முறை பூஜ்யம் பிடித்து எண்ணியிருக்கிறேன், இந்த மனநிலையில் யாருக்கும் சிபாரிசு செய்ய வாய் வரவில்லை. சனிக்கிழமை கேட்டுப் பாருங்கள், மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பியிருப்பாள்.

இதற்கிடையில் இந்த மாடலுக்கு விலை குறைந்திருக்கிறது. இன்னொன்று வாங்கி, ஒன்றை 14இலும் மற்றதை 22இலும் நிரந்தரமாக வைத்துவிடலாம் என்கிறாள் மகள். திட்டிக்கொண்டே கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன். குமிழை மட்டும் வந்த உடனேயே கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போக வேண்டும்.