ஐந்து நிமிடத் திட்டம்: ஆளைப் பிடிப்பதா, அங்கத்தைப் பிடிப்பதா?

என் சனிக்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை எழுதித் தந்த மூன்று பக்கக் கட்டுரை இன்னும் என் மேசையில் கிடக்கிறது. நாடகம் பிரீஸ்ட்லி எழுதிய 'ஆன் இன்ஸ்பெக்டர் கோல்ஸ்': ஓர் இளம்பெண்ணின் சாவை விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் பணக்காரக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்கு வருகிறார். கேள்வி இதுதான்: அந்த நாடகத்தில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே எழும் பதற்றத்தை பிரீஸ்ட்லி எப்படிக் காட்டுகிறார்? முதல் பக்கம் முழுக்க வீட்டுத் தலைவர் பேர்லிங். இரண்டாம் பக்கம் அவர் மனைவி சிபில். மூன்றாவதில் மகள் ஷீலாவுக்கும் மகன் எரிக்குக்கும் ஆளுக்கு அரைப் பக்கம். எழுத்துப் பிழை இல்லை, மேற்கோள்களும் சரி. ஆனால் நாலு பேரும் நாலு அறையில் தனித்தனியாக இருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் முட்டவே இல்லை. முட்டாமல் பதற்றம் எங்கிருந்து வரும்?

கட்டுரைக்கு அப்படித் திட்டம் போடச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அதனால் பிள்ளையைக் குறை சொல்ல முடியவில்லை.

இங்கிலாந்தில் பதினாறு வயதளவில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையின் ஆங்கில இலக்கியத்தில் ஏக்யூஏ என்ற பரீட்சை வாரியத்தின் இரண்டாம் தாள் 2 மணி 15 நிமிடம். நாடகக் கேள்விக்கு 34 புள்ளி. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கிடைக்கும். புத்தகமும் இல்லை, தாளில் பகுதியும் தரமாட்டார்கள். இரண்டு கேள்வியில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். ஆக, திட்டத்துக்கு ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்பதில் மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு.

முதலாவது ஆள் வரிசை. ஒரு பாத்திரத்துக்கு ஒரு பந்தி. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். பாடமாக்க இலகு, ஞாபக அட்டைகளும் அப்படித்தான் அச்சாகி வருகின்றன. பேர்லிங் என்றால் பணத்திமிர், சிபில் என்றால் கல்நெஞ்சு, எரிக் என்றால் குடி. நம்முடைய நாட்டுக்கூத்துக்கு இது பொருந்தும். அங்கே ராசா வரும்போதே தான் யாரென்று வரவுப்பாட்டில் சொல்லிவிடுவான். பிரீஸ்ட்லியின் மேடையில் அப்படி யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் நம்ப முடியாது. டைட்டானிக் கப்பல் மூழ்காது, போர் வராது என்று, கதை நடக்கும் 1912 இல் அடித்துச் சொல்லும் பேர்லிங்கை, 1945 க்குப் பிறகு பார்க்க வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? இங்கே குணம் வெளியே வருவது யாராவது நெருக்கும்போதுதான். குணங்களைப் பட்டியல் போட்டால் அந்த நெருக்கல் விடுபட்டுப் போகும்.

புள்ளிக் கணக்கும் இதற்கு எதிராகவே நிற்கிறது. 34 இல் 4 எழுத்துத் திருத்தத்துக்கு. மிச்சம் 30 இல் 12 கருத்துக்கும் ஆதாரத்துக்கும், 12 ஆசிரியரின் உத்திக்கு, 6 காலச் சூழலுக்கு. ஆள் வரிசையில் எழுதும் பிள்ளை முதல் 12 இலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 'உத்தி' என்றவுடன் ஓர் உரிச்சொல்லைத் தேடிப் பிடித்து, அது வலிமையான சொல் என்று எழுதிவிட்டுப் போய்விடும்.

இரண்டாவது அங்க வரிசை: முதலாம் அங்கம், இரண்டாம் அங்கம், மூன்றாம் அங்கம். பேனையைப் பிடித்ததும் உறைந்துபோகும் பிள்ளைக்கு நான் இன்றும் இதைத்தான் சொல்வேன். கையில் கயிறு ஒன்று இருக்கும், விழமாட்டாது. ஆனால் கதை சொல்லும் நோய் உடனே தொற்றிவிடும். 'பிறகு', 'அதன் பிறகு' என்று பந்திகள் தொடங்கினால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தம். முதலாம் அங்கத்துக்கு இருபது நிமிடம் போய், மூன்றாம் அங்கம் கடைசி நாலு வரியில் மூச்சுத் திணறும்.

மூன்றாவது வழியை நான் திருப்ப வரிசை என்பேன். நாடகத்தில் பிடி கைமாறும் மூன்று தருணங்களைத் தெரிவு செய்து, ஒவ்வொன்றிலும் மேடையில் யார் நிற்கிறார்கள், யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்று கேட்பது.

மூன்று வழிகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரண்டாம் அங்கத்தின் முடிவை எடுங்கள். உதவி கேட்டு வந்த கர்ப்பிணிப் பெண்ணைத் தன் தொண்டுக் குழுவிலிருந்து திருப்பி அனுப்பியதை சிபில் ஒப்புக்கொண்டுவிட்டாள். பழியைத் தன் தலையிலிருந்து இறக்க, அந்தப் பெண்ணின் வயிற்றுப் பிள்ளைக்குத் தகப்பனானவனைப் பிடித்து ஊரறியத் தண்டியுங்கள் என்கிறாள். எரிக் வீட்டில் இல்லை. வாசற்கதவு அடித்துச் சாத்தப்பட்ட சத்தம் கொஞ்சம் முன்னமே கேட்டுவிட்டது. அந்தத் தகப்பன் எரிக்தான் என்று ஷீலாவுக்கு விளங்கிவிடுகிறது, தாயை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறாள். நமக்கும் விளங்கிவிடுகிறது. தாய்க்கு மட்டும் விளங்கவில்லை. இன்ஸ்பெக்டர் உண்மையைச் சொல்லாமல் கேள்வி கேட்டே தூண்டிவிடுகிறார், அவள் மேலும் மேலும் பேசுகிறாள். கதவு திறக்கிறது. எரிக் வெளிறிப்போய் வந்து நிற்கிறான். திரை.

ஆள் வரிசையில் இது மூன்று துண்டாகிவிடும்: சிபில் பந்தியில் ஆணவம், ஷீலா பந்தியில் கூர்மை, எரிக் பந்தியில் குற்ற உணர்ச்சி. அங்க வரிசையில் நேரம் முடியும் தறுவாயில், நடந்த கதையாக வந்து போகும். திருப்ப வரிசையில் இதுவே நடுத்தூண். தாயின் ஒவ்வொரு வசனமும் மகனுக்கான தீர்ப்பு என்பதை ஒரே பந்தியில் எழுதலாம். அந்தப் பந்திக்குள் குணமும் வரும், பதற்றமும் வரும், திரை எந்த இடத்தில் விழுகிறது என்ற உத்தியும் வரும். அடுத்த அங்கம் அதே கணத்தில் தொடங்குகிறது, எரிக் அங்கேயே நிற்கிறான். இடைவேளைக்குக்கூட பிரீஸ்ட்லி இவர்களை விடுவிக்கவில்லை என்று எழுதும் பிள்ளைக்குப் புள்ளி குறைப்பது கடினம்.

திருப்ப வரிசைக்கும் விலை உண்டு. நாடகத்தை நன்றாகத் தெரியாத பிள்ளை தருணத்தைத் தெரிவு செய்யவே பத்து நிமிடம் எடுக்கும். கேள்வி ஒரே ஒருவரைப் பற்றியது என்றாலும், அதுவும் ஷீலாவுக்கு நிச்சயிக்கப்பட்ட ஜெரால்ட் போல மாறாத ஆளைப் பற்றியது என்றால், ஆள் வரிசையே போதும்: தொடக்கத்தில் மோதிரத்தோடு வந்தான், முடிவிலும் அதே மோதிரத்தை நீட்டுகிறான், நடுவில் ஒரு பெண் செத்துப்போனாள். ஷீலா மாறுகிறவள், அவளுக்கு அது போதாது.

ஒரு தாய் என்னிடம், "எத்தனை கோட்ஸ் (மேற்கோள்கள்) பாடமாக்க வேணும் சேர்?" என்று கேட்டார். எண்ணிக்கை சொல்லவில்லை. தருணத்துக்கு இரண்டு, அதில் ஒன்று மேடைக் குறிப்பாக இருக்கட்டும் என்றேன். இன்ஸ்பெக்டர் வரும்வரை இளஞ்சிவப்பாக இருந்த வெளிச்சம், அவர் வந்ததும் கூசும்படி மாறுகிறது. அதைப் பாடமாக்கப் பெரிய ஞாபகசக்தி தேவையில்லை, ஆனாலும் வசனங்களை மட்டும் விழுங்கிவிட்டு வருகிற பிள்ளைகள்தான் அதிகம்.

அந்தப் பிள்ளையிடம் அதே கேள்வியைத் திரும்பக் கொடுத்தேன். இந்த முறை தாளின் ஓரத்தில் மூன்றே வரி. இன்ஸ்பெக்டர் வந்து அடிக்கும் வாசல் மணி, இரண்டாம் அங்க முடிவின் வாசற்கதவு, நாடகத்தின் கடைசியில் அடிக்கும் தொலைபேசி:

வாசல் மணி: யாருடைய உபதேசம் பாதியில் நிற்கிறது?
வாசற்கதவு: யாருக்கு முதலில் விளங்குகிறது?
தொலைபேசி: அடிக்கும்போது யார் சிரித்துக்கொண்டிருக்கிறார்?

நாலு நிமிடம்கூட ஆகவில்லை. "ஜெரால்டுக்கு இடமே இல்லையே சேர்" என்றாள். கேள்வியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.